பிரான்சுவாவின் டொமைன்

"விலைய ஏத்துனது கம்பெனியா, நீங்களா?" என்று போன வருஷமே மெரின் கேட்டிருந்தாள்.

"கம்பெனிதான். நான் வெறும் ஏஜென்ட்" என்று சிரித்து மழுப்பியிருந்தான் ஜெர்ரி.

இந்த வருஷம் வெப்சைட் முகவரியான டொமைனைப் புதுப்பிக்க அதைப் போல இரண்டு மடங்கு கேட்டான். நெல்லித்தோப்பிலிருந்த அவன் கம்ப்யூட்டர் கடைக்கு மெரின் மனுவோடு வந்து நின்றாள். கூடவே மாமியார் ஸ்டெல்லாமேரி.

மெரினின் கணவன் பிரான்சுவா இறந்து நான்கு வருஷம். டூரிஸ்ட்டுகளுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிற கைடாக இருந்தவன். டொமைனுக்குப் பணம் கட்டும்வரை, அவன் வெப்சைட்டைத் திறந்தால் அவன் குரல் வரும்: "போன்ஜூர், வாங்க. என்கூட கொஞ்சம் நடங்க."

ரெட்டியார்பாளையம் வீட்டில் தினமும் ஜெபமாலை முடிந்ததும் மெரின் அதைப் போடுவாள். சில நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விடுவாள். குரலை மட்டும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளச் சொன்னால், அவர் இருக்கிற இடம் இதுதான் என்பாள்.

விலையேற்றத்தை எதிர்த்து, வெப்சைட் வைத்திருக்கும் கெஸ்ட் ஹவுஸ்காரர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கியிருந்தாள். கேபிளுக்குக் கொஞ்சம் ஏறினாலே தெருவைக் கூட்டிவிடும் ஸ்டெல்லாமேரி மட்டும், கண்ணாடி எங்கேயோ போச்சு என்று சொல்லி அந்த மனுவில் கையெழுத்துப் போடவில்லை.

கையெழுத்துக்காக அலைந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பெனி ஏற்றியது கொஞ்சம்தான். மற்றவர்களிடம் ஜெர்ரி அதை மட்டுமே வாங்கியிருந்தான்.

"எனக்கு மட்டும் தனி விலையா? விக்கிறதும் நீங்க, ஈஸ்டருக்கு வந்து என்னைப் பொண்ணு கேட்டதும் நீங்க. அவர் குரல் நின்னா யாருக்கு லாபம்னு எனக்குத் தெரியாதா?"

ஜெர்ரி டிராயரிலிருந்து ஒரு கவரை எடுத்து அவள் முன்னால் வைத்தான். கூடுதலாக வாங்கியது அத்தனையும் தொடாமல் அப்படியே இருப்பதாகச் சொன்னான்.

"அப்புறம் எதுக்கு வாங்கினீங்க?"

அவன் தலையைத் திருப்பி ஸ்டெல்லாமேரியைப் பார்த்தான்.

அவள் மருமகளின் கையைப் பிடித்தாள். எத்தனையோ சாயங்காலம் வாய்வரை வந்து திரும்பிப் போனதை, அன்றைக்கு விழுங்க முடியவில்லை.

"நான்தாம்மா ஏத்தச் சொன்னேன். பெத்தவ நானே கேக்குறேன், என் புள்ளைய அனுப்பிட்டு ஜெர்ரியக் கட்டிக்கோ."