மழைக்கு மாப்பிள்ளை

குளம் வற்றிப்போன ஓர் ஊரில், மழை வேண்டித் தவளைகளுக்குக் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். மேளதாளத்தோடு ஊர்வலம் போன மாப்பிள்ளைத் தவளைக்குத் தலைகால் புரியவில்லை. சடங்கெல்லாம் முடிந்து இருவரையும் குளத்துச் சேற்றில் விட்ட பிறகும், அது கழுத்து மாலையைக் கழற்றவில்லை. பக்கத்தில் பெண் தவளை, முகமே தெரியாத அளவுக்கு அப்பிய மஞ்சளோடு பேசாமல் உட்கார்ந்திருந்தது.

சாயங்காலம் கடல் பக்கமிருந்து ஓர் ஆலாப் பறவை வந்து இறங்கியது.

"மாப்பிள்ளை, மழை வருது. கடலோட மேல்தண்ணி இந்த வருஷம் நல்லா சூடேறிக் கிடக்கு. ஆவி பொங்கிப் பொங்கி மேகமாகுது. காத்து அதை இங்கேதான் தள்ளிட்டு வருது."

"நம்ம கல்யாணச் சேதி கடல் வரைக்கும் போயிடுச்சா?" என்று பூரித்தது தவளை.

"போன வருஷமும்தான் உங்களுக்குக் கல்யாணம் நடந்துச்சு. அப்போ கடல் ஆறிக் கிடந்துச்சு. ஒரு தூறல்கூட விழலையே."

தவளைக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"அது அந்தப் பொண்ணோட ராசி. இவ மகராசி."

இடி உருண்டது. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. குளம் நிரம்ப நிரம்ப, ஊரே நனைந்தபடி குலவை போட்டது. மாப்பிள்ளை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்தியது.

பெண் தவளையின் முகத்து மஞ்சள் மழையில் கரைந்து ஓடியது.

"ஏங்க," என்றது அது, "போன வருஷமும் நான்தாங்க."