ஏணிக்குக் கீழே

மாரி மழைக்கு முன் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டும். ஏறாவூர் வீட்டில் றம்லா ஒரு கிழமையாகச் சொல்லியும் வெளிநாட்டில் உழைத்துத் திரும்பியிருந்த கணவன் றிப்ஷான் ஏணியைத் தொடவேயில்லை.

“கட்டார்ல நாப்பது மாடிக் கட்டடத்துல வேல செஞ்ச மனிசனுக்கு இந்தக் கூரைக்குப் பயமா?” என்று சிரித்தவள், முந்தானையைச் செருகிக்கொண்டு தானே ஏறினாள்.

“றம்லா, எறங்கு!”

அலறல் கேட்டுத் திரும்பினாள். கீழே அவன் இரு கைகளையும் ஏந்தியபடி, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான்.

பதறி இறங்கினாள். “என்ன நடந்த ஒங்களுக்கு?”

“நான் அங்க ஒரு மாடியும் ஏறல்ல, றம்லா. கீழ அம்புலன்ஸ்தான் ஓட்டின. மேல இரிந்து விழுந்தவங்கள அள்ளி ஏத்துற வேல. கன பேர் வழியிலயே மௌத்தாப் போனாங்க. இப்ப ஆர் ஏணியில கால் வெச்சாலும், அவங்க விழுறதுதான் எனக்குத் தெரியிது.”

தொலைபேசியில் அவள் கேட்டபோதெல்லாம் “வேல லேசுதான்” என்று சொன்னவன் அவன்.

றம்லா ஏணியை இரு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

“நான் ஏறினா நீங்க தாங்க மாட்டீங்க. நீங்க ஏறுங்க. கீழ நான் நிக்கிறன்.”

அவளைப் பார்த்தபடி அவன் முதல் படியில் கால் வைத்தான்.