அரை பெருசா, கால் பெருசா?

"அரை பெருசா, கால் பெருசா? யாராவது சொல்லுங்க பாப்போம்."

முப்பத்தாறு பிள்ளைகளில் ஒன்றுகூட வாயைத் திறக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தேர்வு அதிகாரி பேனா மூடியைக் கழற்றினார்.

சின்ன டீச்சருக்கு, நான்கு வருட ஆசிரியர் பயிற்சிப் படிப்பில் இதுதான் கடைசி மாதிரி வகுப்பு. இதில் தேறினால்தான் பட்டம், பட்டம் கிடைத்தால்தான் உரிமம். உரிமத்தோடு வந்தால் அடுத்த மாதமே சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு பள்ளியில் இடம்கூட வைத்திருந்தார்கள். இன்று கோட்டைவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஜன்னலோரம் நின்றிருந்த பெரிய டீச்சர், தைரியமாக நடத்து என்று கண்ணாலேயே சொன்னார். இந்த ஐந்தாம் வகுப்பின் ஆசிரியை அவர்தான். பயிற்சிக்கு வந்த சின்ன டீச்சருக்கு வழிகாட்டியும் அவரே.

"நடத்தி நடத்தித்தான்டி பழகணும்" என்று முதல் வாரமே தன் வகுப்புகள், திருத்த வேண்டிய நோட்டுக் கட்டுகள் எல்லாவற்றையும் தூக்கிக் கொடுத்துவிட்ட தாராள மனசுக்காரர். "உனக்கு வாய்ச்ச மாதிரி எங்களுக்கு யாரும் வாய்க்கலையே" என்று கூடப் படிக்கிற தோழிகள் பொருமுவார்கள். இன்று காலையில்கூட இவளுக்கு முன்பே வந்து வகுப்பு வாசலில் நின்றிருந்தார். "பசங்ககிட்ட நான் பேசிட்டேன். நீ ஒண்ணும் கவலப்படாத, போ."

சின்ன டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்து இரண்டாக மடித்தாள். மறுபடி மடித்தாள். "சரி, இப்ப இதுல எத்தன பங்கு இருக்கு?"

மூன்று வாரத்துக்கு முன்பே அரை, கால், அரைக்கால் எல்லாவற்றையும் பிரித்து மேய்ந்த பிள்ளைகள். கேள்வி முடிவதற்குள் "நான் டீச்சர், நான் டீச்சர்" என்று பெஞ்சில் ஏறி நிற்கிற கூட்டம். இன்றைக்கென்று பார்த்து எல்லோரும் டெஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் முதல் பெஞ்சு வாயாடியை எழுப்பினாள். தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சரியாகச் சொல்கிற பிள்ளை அது.

வாயாடி எழுந்தாள். பக்கத்தில் இருந்தவளை ஒரு பார்வை பார்த்தாள்.

"கால்தான் டீச்சர் பெருசு."

தேர்வு அதிகாரி எழுத ஆரம்பித்தார். மணி அடிக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

வராந்தாவில் அவர் கடுமையாகப் பேசவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "குரல் நல்லா இருக்கும்மா. போர்டுல எழுத்தும் சுத்தம். ஆனா மூணு மாசம் நடத்தியும் ஒரு குழந்தைக்குக்கூட அரை எது, கால் எதுன்னு தெரியல. நான் எப்படி மார்க் போட முடியும்?"

"சார், அவங்களுக்கு எல்லாம் தெரியும் சார்..."

"எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. இன்னொரு பருவம் இங்கயே இருந்து நடத்துங்க. அப்புறம் பாக்கலாம்."

அவர் போய்விட்டார். சின்ன டீச்சர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோற்றதைவிட, தோற்கடித்தது யார் என்பதுதான் நெஞ்சை அறுத்தது. வாயாடி காய்ச்சலில் கிடந்த வாரம், தினமும் அவள் வீட்டுக்கே போய்ப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் இவள். பிள்ளைகளின் பிறந்தநாள் ஒவ்வொன்றும் இவளுக்கு மனப்பாடம். அத்தனை பேரும் சேர்ந்து, சொல்லிவைத்த மாதிரி காலை வாரிவிட்டார்களே!

பெரிய டீச்சர் வந்து தோளில் கை வைத்தார். தன் கைக்குட்டையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டார்.

"அழாதடி. பசங்கன்னா அப்படித்தான். எவ்வளவு செஞ்சாலும் நன்றி இருக்காது. இருபது வருஷமா பாக்கறேன்ல?"

"இவங்க இப்படிச் செய்வாங்கன்னு நான் கனவுலகூட நெனக்கல."

"விடு. இன்னும் ஒரு பருவம்தானே, கண்ண மூடித் திறந்தா ஓடிடும். நான் கூட இருக்கேன்ல?"

இந்தப் பள்ளிக்கூடத்தில் தனக்கென்று இவர் ஒருவராவது இருக்கிறாரே என்று சின்ன டீச்சருக்குத் தோன்றியது. முகத்தைக் கழுவிக்கொண்டு, பையை எடுக்க வகுப்புக்குள் போனாள்.

குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று அடங்கினார்கள். வாயாடி மட்டும் எழுந்து ஓடிவந்தாள்.

"டீச்சர், நீங்க பெயிலாயிட்டீங்களா?"

"ஆயிட்டேன். போதுமா? இப்ப சந்தோஷமா?"

வகுப்பே ஓவென்று கத்தியது. கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் நாலு பேர் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

சின்ன டீச்சருக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "நிறுத்துங்க! உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? எதுக்கு என்னய இப்படிப் பழிவாங்கினீங்க?"

கைதட்டல் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாயாடி ஒன்றும் புரியாமல் விழித்தாள். உதடு பிதுங்க, சின்ன டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க தப்பா சொன்னாதான் நீங்க எங்கள விட்டுப் போகமாட்டீங்கன்னு பெரிய டீச்சர்தானே சொன்னாங்க?"