நாலாவது போர்ட்

"அக்கா, நாலு பேசுச்சா?"

காலையிலிருந்து தங்கை இதையே கேட்டுக்கொண்டிருக்கிறாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

திரையில் ஒன்று, இரண்டு, மூன்று மாறி மாறி ஓடின. நாலு என்று ஒரு வரிகூட இல்லை.

மலைமேல் எங்கள் வெள்ள எச்சரிக்கை அலுவலகத்துக்கு நான்கு மழைமானிக் குடில்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஆள், ஒரு பெட்டி. பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மழை அளவை ரேடியோ வழியாகக் கீழே அனுப்பும். ஆபத்து என்றால் ஆள் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும், ஒவ்வொரு தடவையும். அழுத்தினால் அந்த வரியின் கடைசியில் 1. அழுத்தாவிட்டால் 0.

நாலாவது குடிலில் இருப்பது தங்கை வீட்டுக்காரர்.

நேற்று வெள்ளம் கீழ்த்தளத்தில் புகுந்து குடில்கள் அனுப்புவதை வாங்கும் பழைய சர்வரை முழுங்கிவிட்டது. செல்போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. காலை ஏழு மணிக்கு அதிகாரி என் மேஜைக்கு வந்தார்.

"பெருசா ஒண்ணும் வேண்டாம்மா. நாலு குடில் பேசுறதையும் கேட்கணும், அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துல முடியுமா?"

முடிந்தது. நாலு குடிலுக்கு நாலு போர்ட், அதாவது செய்தி உள்ளே வர ஆளுக்கொரு வாசல், 7001 முதல் 7004 வரை. புரோகிராம் நாற்பது வரிகூட இல்லை. கல்லூரியில் முதல் வருஷமே எழுத வைத்துவிடும் சமாச்சாரம். எட்டு மணிக்கு என் லேப்டாப்பையே சர்வராக்கி ஓடவிட்டேன். மூன்று குடில்கள் உடனே பேசின. எல்லாம் 0. அறையில் எல்லோரும் கை தட்டினார்கள்.

நாலு மட்டும் ஊமையாக இருந்தது.

"அந்தப் பெட்டி எப்பவும் அப்படித்தான். நாலு தூறல் விழுந்தா படுத்துக்கும்," என்றார் அதிகாரி. அவர் சொன்னதிலும் தப்பில்லை. போன மழைக்கும் அது படுத்துக்கொண்டது. 1 வந்த குடிலுக்குத்தான் வண்டி போகும் என்பது இங்கே விதி. பாதை பாதி கரைந்து கிடக்கும்போது, பேசாத பெட்டியை நம்பி யாரும் ஆளை மேலே அனுப்ப மாட்டார்கள். ஜீப் முற்றத்திலேயே நின்றது. டிரைவர் அதற்குள்ளேயே குறட்டை விட்டார்.

மணி ஒன்றரை ஆயிற்று.

"நாலுக்கு நீயே ஏதாவது அனுப்பிப் பாரேன்க்கா," என்றாள் தங்கை. அவளுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. சும்மா உட்கார முடியாமல் சொன்னாள்.

காலையிலேயே பார்த்தாயிற்று என்று எரிந்து விழப் போனேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தேன். என் லேப்டாப்பில் சர்வர் ஓடியதால் பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பினேன்.

ஒன்றுக்குப் போயிற்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் போயிற்று. நாலுக்கு: இணைப்பு மறுக்கப்பட்டது.

பெட்டி கெட்டிருந்தால் இப்படி வராது. பெட்டிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மறுத்தது என் சர்வர்.

நான் எழுதியதைத் திறந்து பார்த்தேன். எங்கிருந்து வருவதைக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு முகவரி தர வேண்டும். 0.0.0.0 என்றால் யார் பேசினாலும் கேட்கும். 127.0.0.1 என்றால் அதே கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பேசினால் மட்டும்தான் கேட்கும். டெஸ்ட் செய்யும்போது அப்படிப் போட்டுக்கொள்வோம். முடிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

மூன்று வரிகளில் சரியாக இருந்தது. நாலாவதில் 127.

அந்த வரியைத்தான் காலையில் முதலில் எழுதினேன். தங்கை வீட்டுக்காரர் போர்ட்டில் ஒரு பிசகும் வந்துவிடக் கூடாது என்று அதை மட்டும் என் லேப்டாப்பிலிருந்தே ஐந்து தடவை டெஸ்ட் செய்தேன். ஐந்து தடவையும் வேலை செய்தது. மற்ற மூன்றையும் அவசரத்தில் டெஸ்ட்கூடச் செய்யவில்லை.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. அழுகையும் வரவில்லை. விரல்கள் பாட்டுக்கு மாற்றி, சேமித்து, சர்வரைத் திரும்ப ஓடவிட்டன.

கேட்க ஆளில்லாவிட்டால் பெட்டி எதையும் தூக்கிப் போட்டுவிடாது. சேர்த்து வைத்திருந்து, இணைப்புக் கிடைத்ததும் மொத்தத்தையும் கொட்டும். கொட்டியது. திரை முழுக்க நாலு, நாலு, நாலு.

"ஒண்ணு வருதுக்கா! ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு... ஐயோ, கூப்பிடுறாருக்கா!"

தங்கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கன்னமெல்லாம் அவள் கண்ணீர். "நீ மட்டும் இங்க இல்லன்னா யாருக்கா கண்டுபிடிச்சிருப்பா?" என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் முற்றத்துக்கு ஓடினாள். டிரைவரை உலுக்கி எழுப்பி, தானும் முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாக எனக்குக் கை காட்டினாள். நானும் காட்டினேன்.

ஜீப் கிளம்பிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு வரியிலும் பெட்டி குறித்திருந்த நேரத்தைப் பார்த்தேன். முதல் 1 வந்தது 8.20க்கு. எனக்குக் கை தட்டிய சத்தம் அப்போதுதான் அடங்கியிருக்கும். அதிலிருந்து பத்து நிமிஷத்துக்கு ஒன்று, ஒன்றுகூடத் தவறவில்லை. கடைசி 1 வந்தது 11.40க்கு. அதற்கப்புறம் பன்னிரண்டு வரிகள், எல்லாம் 0. பக்கத்தில் மழை அளவு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது.

ஜீப் சத்தம் கேட்டு அதிகாரி உள்ளே வந்தார். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு திரையைக் குனிந்து பார்த்தார். கடைசி வரியில் விரலை வைத்தார்.

"இப்ப 0தானேம்மா வருது? அப்ப ஆபத்து நீங்கிடுச்சுன்னு அர்த்தம்," என்றார், பெருமூச்சு விட்டபடி.

"ஆமா சார்," என்றேன்.