பலத்த கரகோஷம்

கைதட்டல் அடங்கவே இல்லை. பத்தாயிரம் பேர் சேர்ந்து தட்டுகிற தட்டு, நடுநடுவே விசில், போதாக்குறைக்கு "ஒன்ஸ் மோர்" கூச்சல். முதல் பாட்டை முடித்த பாடகர் நெஞ்சில் கை வைத்துக் குனிந்து நிமிர்ந்தார்.

அவருடைய மனைவி பட்டனிலிருந்து விரலை எடுத்தாள். கைதட்டல் நின்றது.

அது ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பதிவு செய்த கைதட்டல். அரங்கத்தின் பின்கோடியில் சவுண்டு மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, அவள்தான் அதை அவர் காதுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். பாடகர்கள் இயர்போனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடுகிற காலம் இது. இடுப்பில் செருகிய சின்னப் பெட்டி வழியாக அவள் எதை அனுப்புகிறாளோ, அதுதான் அவருக்குக் கேட்கும்.

அரங்கத்தில் நிஜமாகக் கேட்டது வேறு.

"எறங்குய்யா."

"எத்தனை வருஷத்துக்குய்யா இதே டொய்ங் டொய்ங்?"

பாதி நாற்காலி காலி. முன்வரிசைப் பெண் ஒருத்தி தன் போனில் வேறு யாரோ பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு காலத்தில் இவர் பாட்டு ஒலிக்காத பஸ் கிடையாது, கல்யாண வீடு கிடையாது. ஜனத்தைச் சொல்லிக் குற்றமில்லை, அவளுக்கே சலித்துத்தான் போயிருந்தது.

போன வருஷம் ஓர் ஊரில் இப்படித்தான் ஊளையிட்டார்கள். அன்று லாட்ஜ் மொட்டைமாடிச் சுவரில் ஏறி நின்றவரை, அவள்தான் காலைக் கட்டிப் பிடித்து இறக்கினாள். இன்னொரு தடவை அந்தச் சத்தம் காதில் விழுந்தால் மனுஷன் தாங்க மாட்டார். அதற்காகத்தான் இந்தத் திருட்டு வேலை. கூட்டம் கண்ணில் படக்கூடாதென்று விளக்கையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே திருப்பி வைத்திருந்தாள்.

ஐந்தாவது பாட்டின் நடுவே ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. அவள் மிக்ஸர் மைக்கை இழுத்து அவர் காதுக்குள் பேசினாள்.

"ரசிகர் போட்டதுங்க, கையெழுத்து கேக்கறாங்க. எடுத்து ஆட்டிக் காட்டுங்க."

அவர் அதை எடுக்கவில்லை. காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, சிரித்த முகமாகப் பாடிக்கொண்டே போனார். லயித்துவிட்டால் அவருக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

விழா அமைப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "மேடம், இதோட முடிச்சுக்கச் சொல்லுங்க. நாற்காலி பறக்க ஆரம்பிச்சா நான் பொறுப்பில்ல."

"இதுதான் சார் கடைசி."

பாட்டு முடிந்தது. அவள் பட்டனை அழுத்திப் பிடித்தாள். அவர் வணங்கினார். போவார் என்று பார்த்தால், மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனார்.

"இன்னும் ஒரே ஒரு பாட்டு."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். தட்டித் தட்டி ஆளை உசுப்பிவிட்டது அவள்தானே, யாரை நொந்துகொள்வது?

"வேணாங்க, நேரமாயிடுச்சு, எறங்கிடுங்க" என்று அவர் காதுக்குள் கெஞ்சினாள். கேட்டால்தானே. ஊளைக்கு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, ஒரு வரி விடாமல் பாடி முடித்த பிறகுதான் இறங்கினார்.

அவள் மேடைக்குப் பின்னால் ஓடினாள். போகிற போக்கில் கண்ணைத் துடைத்து, முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டாள்.

"பாத்தீங்களா, இன்னிக்கு என்னா கைதட்டல். உங்களை விடவே மாட்டேன்னுட்டாங்க."

அவர் காதிலிருந்ததைக் கழற்றினார். இடுப்புப் பெட்டியையும் உருவி அவள் கையில் வைத்தார். அந்தக் கையை அப்படியே தன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"ரெண்டாவது பாட்டுலயே பேட்டரி தீர்ந்துடுச்சும்மா."