வெயில் பட்ட பக்கம்

பஹ்ரைன் கார்ப்பந்தயத் தளத்தில் வெயில் சாய்கிறது. ஓடி வந்து நின்ற காரின் அருகே குனிந்து ஹமத் டயர்களின் காற்றை அளக்கிறான். இடப்பக்கம் இருபத்தெட்டு, வலப்பக்கம் முப்பத்திரண்டு. மதியம் நான்கு டயர்களுக்கும் சமமாகத்தான் வைத்தான்; இடப்பக்க டயர்கள் மட்டும் வெயிலில் காய்ந்து, அளவைக் கூட்டிக் காட்டியதைக் கவனிக்கவில்லை; அந்தப் பக்கம் காற்று குறைவாகவே ஏறியிருக்கிறது. ரப்பர் வாடை சுடச்சுட எழுகிறது. அக்கா முனீரா தலைக்கவசத்தைக் கழற்றுகிறாள். காரை விற்றாயிற்று, நாளை எடுத்துப் போகிறார்கள். இது அவளுடைய கடைசி ஓட்டம். "வளைவுக்கு வளைவு வழுக்கிட்டே போச்சுடா. எனக்குத்தான் வயசாயிடுச்சு போல. காத்து சரியாத்தானே இருந்துச்சு?" "சரியாத்தான்க்கா இருந்துச்சு," என்கிறான் ஹமத், டயரைப் பார்த்தபடி. அவள் காரின் சூடான மூக்கில் உள்ளங்கையை வைத்து, "மன்னிச்சுக்கோ" என்கிறாள்.