காமினியின் கண்ணாடி

சூலியா தெருவின் பின்சந்தில், பழம்பொருள் கடையின் மங்குத் தட்டுகளுக்கும் தையல் மெஷின்களுக்கும் நடுவே காமினியின் கண்ணாடி சாய்ந்து நிற்கிறது. என் தங்கை காமினி இறந்ததும் அவள் கணவர் விற்றுவிட்ட கண்ணாடி. எட்டு மாதமாகத் தேடுகிறேன். தூங்கப் போகுமுன் நெற்றிப் பொட்டை அதில்தான் ஒட்டிவைப்பாள். கடைசிப் பொட்டும் அதிலேயே இருந்தது. "ஒரே பொட்டா ஒட்டிக் கெடந்துச்சுக்கா. காலைலதான் சொரண்டுனேன். இப்ப பாருங்க, புதுசு மாதிரி லா!" கடைக்கார வாசு பெருமையோடு துணியை உதறுகிறார். மழை வெளிச்சத்தில் பசையின் சிறு வட்டம் ஒன்று மட்டும் தெரிகிறது. அவள் என்னைவிடக் குள்ளம். முழங்காலை மடக்கிக் குனிகிறேன். வட்டம் என் நெற்றியில் வந்து அமர்கிறது. "அதையும் தொடச்சிடவாக்கா?" கண்ணாடிக்குள் இருப்பவள் வேண்டாம் என்று தலையசைக்கிறாள்.